பழைய செம்பு விற்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் கொஞ்சம் தணியட்டும், அப்புறம் எழுதலாம் என்று இரண்டு நாள் இருந்தேன். தணியவில்லை. 11 கிலோ செம்பு போய்விட்டது.

வீட்டில் மின்சார ஒயர் முழுவதையும் மாற்றினோம். பழைய ஒயர் மட்டும் 36 கிலோ இருந்தது. கூடவே பித்தளைக் குழாய்கள், கொஞ்சம் இரும்பு. இதையெல்லாம் பிரித்து விற்பது கட்டுப்படியாகுமா என்று யோசித்தேன். இரும்புக்காக மெனக்கெட வேண்டாம், கிலோவுக்குக் கிடைப்பது மிகவும் குறைவு. செம்பு அப்படியில்லை. உறையோடு கொடுத்தால் ஒரு விலை, உரித்துப் பளபளவென்று கொடுத்தால் முதல் தர விலை. தீ வைத்தால் உறை சீக்கிரம் போய்விடும்தான். ஆனால் பிவிசி புகை விஷம், செம்பும் கறுத்துத் தரம் இறங்கிவிடும். அதனால் கத்தியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து உரித்தேன். நான்கு வார இறுதிகள் இதிலேயே போயின. விரல் நுனியெல்லாம் கீறல்.

உரித்து முடித்ததும் 23 கிலோ தேறியது. பயணப் பெட்டியை நிறுக்கும் தொங்கு தராசில் மூட்டை மூட்டையாக நிறுத்துக் குறித்து வைத்திருந்தேன்.

செயலியில் பதிவு செய்தால் வீட்டுக்கே வந்து பழைய உலோகம் எடுத்துப்போகும் சேவை ஒன்றில் சொன்னேன். வந்தவர் மிகவும் தன்மையாகப் பேசினார். மூட்டையைப் பிரித்து ஒரு கம்பியை எடுத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமா உரிச்சு யாரும் கொடுத்ததில்ல சார்" என்றார். நான்கு வார உழைப்பை ஒருவர் புரிந்துகொண்டாரே என்று எனக்கு மனது நிறைந்துவிட்டது. அங்கேதான் ஏமாந்தேன். வண்டியில் இருக்கும் தராசில் பேட்டரி தீர்ந்துவிட்டதாம், கிடங்கில் கம்ப்யூட்டர் தராசு இருக்கிறதாம், அரை மணி நேரத்தில் சீட்டு போனுக்கே வந்துவிடுமாம். என் வீட்டுத் தராசு உள்ளே அலமாரியில் இருந்தது. அதை எடுத்து வந்து அவர் முன்னால் நிறுக்கக் கூச்சமாக இருந்தது. நல்ல மனிதரைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடுமே என்று விட்டுவிட்டேன். "சரக்கு ஏத்தியாச்சுங்கறதுக்குத்தான்" என்று சொல்லி ஓடிபியையும் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் சீட்டு வந்தது. செம்பு 12 கிலோ, இரண்டாம் தரம். பித்தளைக் குழாய்களில் இரும்புத் திருகு இருந்ததாகக் கலப்பு உலோகத்தில் போட்டிருந்தார்கள். திருகு இருந்தது உண்மை, அது என் தவறு. ஆனால் 23 கிலோ எப்படி 12 ஆகும்?

வந்தவர் போனை எடுக்கவில்லை. வாடிக்கையாளர் சேவையில் 48 மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். மறுநாள் வேறொருவர், "ஈரம், தூசி எல்லாம் கழிச்சுதான் சார் எடை போடுவோம்" என்றார். உரித்த கம்பியில் 11 கிலோ ஈரமா என்று கேட்டேன். லைன் துண்டிக்கப்பட்டது. மூன்றாவது முறை பேசிய பெண், நான் ஓடிபி கொடுத்ததே எடையை ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் என்றார். எடையே போடாத நேரத்தில் எதை அம்மா ஒப்புக்கொண்டேன்? சரி, சரக்கையாவது திருப்பிக் கொடுங்கள் என்றால், உருக்க அனுப்பியாகிவிட்டதாம். 11 கிலோ. படுத்தாலும் அந்த எண்தான் வருகிறது.

எப்படிப் பிரிப்பது, எங்கே விற்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனது ஓடவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும்:

கண் முன்னால் எடை போடாமல் ஒரு கம்பியைக்கூட வண்டியில் ஏற்ற விடாதீர்கள். அவர்கள் தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அதை வைத்தே தராசைச் சோதித்துவிடலாம். மூட்டை தராசில் இருக்கும்போதே எண் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டும் இடத்தில் இருக்கும் இரும்பை முதலிலேயே கழற்றிவிடுங்கள். தரம் என்ன, கழிவு எவ்வளவு என்று எழுதி வாங்காமல் ஓடிபி சொல்லாதீர்கள்.