பழைய ரப்பர் விமானப் பெட்டி என்ற பெயரில் புதுச்சேரியில் நடக்கும் விற்பனை: பணம் கட்டும் முன் படியுங்கள்

ரப்பர் முறுக்கின் விசையில் தானே பறக்கும் பழைய காலத்து மாதிரி விமானங்களைக் கட்டிப் பறக்கவிடும் பழக்கம் கடலூர், புதுச்சேரிப் பக்கம் மிகச் சிலரிடமே இருக்கிறது. ஆட்கள் குறைவு என்பதால் எந்தப் பொருள் எங்கே கிடைக்கும் என்பது வாய்வழியாகவே பரவுகிறது. அப்படித்தான் புதுச்சேரியில் பழம்பொருள்களோடு பொழுதுபோக்குச் சாமான்களும் விற்கும் ஒரு வியாபாரியைப் பற்றி எனக்குத் தெரிய வந்தது. அவரிடம் ரூ.9,500 முன்பணமாகக் கட்டி நான் கேட்டது என்ன, கடலூருக்கு வந்து சேர்ந்தது என்ன என்பதை முழுமையாக எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் அவருடைய பெயரையும் கடையின் பெயரையும் தவிர்க்கிறேன்; அவர் சொல்லும் கதையை ஒருமுறை கேட்டவர்கள் யாரைக் குறிப்பிடுகிறேன் என்பதைத் தாமே அறிந்துகொள்வார்கள்.

கதை இதுதான். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தபோது ஊரைவிட்டுப் புறப்பட்ட ஒரு பிரெஞ்சுக் குடும்பம், தன் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டியை விட்டுச் சென்றதாம். அந்தப் பெட்டிக்குள் பிரிக்கப்படாத கீல்கிராஃப்ட் விமானப் பெட்டிகள், அதாவது ஒரு மாதிரி விமானத்தைக் கட்டத் தேவையான மரமும் வரைபடமும் அடங்கிய பெட்டிகள், சில இருந்தனவாம். எனக்கு அவர் காட்டியது ஆல்பர்ட் ஹாட்ஃபுல் வடிவமைத்த, 32 அங்குல இறக்கை கொண்ட செனட்டர் என்ற மாதிரி. இங்கிலாந்தின் அந்த நிறுவனத்துக்கும் இந்த விற்பனைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதன் நற்பெயர்தான் இங்கே விற்கப்படுகிறது. அசல் மரம், அசல் ரப்பர், இறக்கையைப் போர்த்தும் அசல் டிஷ்யூ தாள் என்று மூன்று முறை அழுத்திச் சொன்னார். கூடவே தனியாகப் பால்சா என்னும் மிக லேசான மரத்தின் தகடுகளும், போட்டிக்குரிய இறக்குமதி ரப்பர் என்று ஒரு சுருளும், பறக்கும் விமானத்தை உரிய நேரத்தில் கீழே இறக்க உதவும் டீ.டி. திரியும் தருவதாகச் சொன்னார். வரைபடம் முழு அளவில் இருக்கிறதா, தகடு ஒன்றின் எடை என்ன, ரப்பர் எந்த ஆண்டுத் தயாரிப்பு என்று மூன்றையும் எழுத்தில் கேட்டேன். முழு அளவுதான், தகடு பத்து கிராம், ரப்பர் சென்ற ஆண்டு வந்தது என்று மூன்றுக்கும் வாட்ஸப்பிலேயே பதில் எழுதினார். அந்தப் பதில்களை நம்பித்தான் பணம் போனது.

பெட்டியைத் திறந்ததும் என் கவனத்தை ஈர்த்தது அதன் தூய்மை. கடலோர ஊரின் பரணில் எழுபது ஆண்டுகள் கிடந்த காகிதத்தில் ஒரு ராமபாணப் பூச்சிகூட வாய் வைக்கவில்லை என்பதை ஏற்பது கடினம். அந்தக் காலப் பெட்டிகளில் இறக்கைக்கு வடிவம் தரும் ரிப்பு என்னும் துண்டுகளும் உடற்கூட்டின் குறுக்குத் துண்டுகளும் மரத்தகட்டின் மீது அச்சிடப்பட்டிருக்கும். கட்டுபவர் அவற்றைப் பிளேடால் அறுத்தெடுக்க வேண்டும். இதிலும் அப்படியே அச்சிடப்பட்டிருந்தது. ஈரமான விரல் நுனியை ஒரு ரிப்பின் கோட்டின் மேல் வைத்து மெல்ல இழுத்தேன். கறுப்புக் கோடு முதலில் ஊதாவாகி, பிறகு மரத்தின் ரேகை வழியாக இருபுறமும் கசிந்து பரவியது. அச்சகத்தின் எண்ணெய் மை தண்ணீருக்கு அசையாது. இன்றைய வீட்டுப் பிரிண்டரின் மைதான் இப்படிக் கரையும்.

வரைபடத்தை மேசையில் விரித்து அளவுகோலை வைத்தபோது, 32 அங்குலம் இருக்க வேண்டிய இறக்கை 30 அங்குலத்தைச் சற்றே தாண்டி நின்றது. ஜெராக்ஸ் எடுத்தவர் தாளுக்குள் அடக்குவதற்காகச் சுருக்கியிருக்கிறார். மரத்தில் அச்சிட்ட ரிப்புகளை மட்டும் சுருக்கவில்லை. ஆகவே ரிப்பை வரைபடத்தின் மேல் வைத்தால் அது இறக்கையின் பின்விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. இந்தப் பெட்டியை வைத்து எவராலும், எவ்வளவு கைத்திறன் இருந்தாலும், ஒரு விமானத்தைக் கட்ட முடியாது.

மரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ஏமாற்றின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. பால்சா பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வருகிறது. இவ்வகை விமானங்களுக்கு உகந்த மரத்தின் அடர்த்தி கன அடிக்கு ஆறு முதல் எட்டு பவுண்டு வரை. பதினாறில் ஒரு அங்குலத் தடிமனும் 3 அங்குல அகலமும் 36 அங்குல நீளமும் கொண்ட தகடு அந்த அடர்த்தியில் ஏறத்தாழ 10.5 முதல் 14 கிராம் வரை இருக்கும். இதே அளவில் எனக்கு வந்த தகடு ஒன்றைத் திருப்பாதிரிப்புலியூரில் தெரிந்தவர் ஒருவரின் நகைக்கடைத் தராசில் வைத்தபோது 46 கிராம் காட்டியது. நான்கு மடங்கு. ரப்பர் முறுக்கு தரக்கூடிய ஆற்றல் அளவானது. அந்த ஆற்றல் இத்தனை எடையைத் தூக்கி ஏற்ற வேண்டுமென்றால் விமானம் மேலேறாது, கையைவிட்டுப் போன வேகத்தில் தரையில் முட்டும். மஞ்சக்குப்பத்தில் தச்சுவேலை செய்யும் ஒரு பெரியவரிடம் தகட்டைக் காட்டினேன். முனையைக் கீறி, முகர்ந்து பார்த்து, இது பெருமரம், தீக்குச்சிக்குப் போகிற மரம் என்றார். பால்சாவை நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். இதில் நகம் வழுக்கிக்கொண்டு போனது. பெருமரம் நல்ல மரம்தான், அதன் வேலைக்கு. அதைப் பால்சா என்று சொல்லி, பால்சாவின் விலைக்கு விற்பது வேறு விஷயம்.

ரப்பரைப் பற்றி. 1871 ஆகஸ்ட் 18 அன்று பாரிஸின் துய்லெரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ தன் சிறிய விமானத்தை 11 வினாடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் பறக்கவிட்டபோது அதன் உயிராக இருந்தது முறுக்கிய ரப்பர் இழைதான். இன்றும் அடிப்படை அதுவே. நல்ல இயற்கை ரப்பர் பட்டை தன் நீளத்தைப் போல் ஏழெட்டு மடங்கு இழுபடும். அதை நான்கைந்து மடங்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு முறுக்கத் தொடங்கி, முறுக்கு ஏற ஏற விமானத்தை நோக்கி நடந்து வருவதுதான் வழக்கம். வெயிலும் ஓசோனும் படப்பட ரப்பர் இற்றுப்போகும். எனவே 1954-ஆம் ஆண்டின் அசல் ரப்பர் பெட்டிக்குள் இருக்கிறது என்று ஒரு விற்பனையாளர் பெருமையாகச் சொன்னால், அந்த ரப்பர் பொடியாக உதிர வேண்டும் அல்லது அது அசலாக இருக்க முடியாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் அதற்குப் பணம் கொடுக்கக் காரணமில்லை. அதனால்தான் நான் தனியாக இறக்குமதிச் சுருளைக் கேட்டேன்.

அந்தச் சுருளை விமானத்தில் மாட்டுவதற்கு முன், எப்போதும் செய்வது போல், கொல்லைப்புறக் கதவின் கொக்கியில் ஒரு வளையத்தை மாட்டி, கண்ணாடி அணிந்துகொண்டு இழுத்துப் பார்த்தேன். மூன்று மடங்கைத் தாண்டுவதற்குள் அறுந்து சுவரில் அடித்தது. மிச்சத்தை விரலில் வளைத்துப் பார்த்தால் வளைவின் மேற்புறத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் வரிசையாகத் திறந்தன. கூட நின்ற என் அக்கா மகன், “மாமா, இதை ஃபியூஸலாஜுக்குள்ள போட்டு முறுக்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்?” என்று கேட்டான். உடற்கூடு உள்ளிருந்து வெடித்துச் சிதறியிருக்கும்; விமானத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் முகத்துக்கு எதிரே அது நடந்திருக்கும். பிடித்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் சிறுவர்கள்தான் என்பதை இத்துறையில் உள்ளவர்கள் அறிவார்கள்.

டிஷ்யூ தாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நீர் தெளித்தால் இழுத்துப் பிடிக்க வேண்டிய தாள், சாயம் போய்த் தொய்ந்தது. அது பட்டம் ஒட்டும் தாள்.

எல்லாவற்றையும்விட என்னைக் கோபப்படுத்தியது திரி. விமானம் வெப்பக் காற்றில் சிக்கி மேலே மேலே ஏறிக் காணாமல் போய்விடக்கூடாது என்பதற்காக டீ.டி. என்னும் ஏற்பாடு இருக்கிறது: மெதுவாகக் கனலும் பருத்தித் திரி ஒன்று, வாலை அழுத்திப் பிடித்திருக்கும் ரப்பர் வளையத்தை உரிய நேரத்தில் எரித்து அறுக்கும், வால் மேல்நோக்கித் துள்ளி நிற்க, விமானம் தட்டையாகவே கீழே இறங்கிவிடும். அந்தத் திரியில் சுடர் இருக்கக்கூடாது, பொறி பறக்கக்கூடாது, கனல் மட்டுமே நகர வேண்டும். அதன் அடிப்பகுதி ஒரு சிறு அலுமினியக் குழாய்க்குள் செருகப்பட்டிருக்கும். கனல் குழாயை அடைந்ததும் தானே அணைந்துவிடும். எனக்கு வந்த திரியைச் சிமெண்டுத் தரையில் வைத்து நெருப்பு காட்டினேன். சீறிக்கொண்டு, பொறிகளைத் தெறித்துக்கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் மறுமுனைவரை எரிந்து முடிந்தது. அது பட்டாசுத் திரி. குழாயும் அனுப்பப்படவில்லை.

நாங்கள் பறக்கவிடுவது சம்பா அறுவடை முடிந்த பாகூர்ப் பக்கத்து வயல்களில், தை, மாசி மாதங்களின் விடியற்காலையில், கடற்காற்று எழுவதற்கு முன்பு. காய்ந்த தாளும் வைக்கோலும் பரந்து கிடக்கும் நிலம் அது. வயலை எங்களுக்கு விட்டுத்தருகிற விவசாயி எங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்டதில்லை. அவருடைய வைக்கோற்போரின் மேல் இந்தத் திரி பொறியோடு விழுந்திருந்தால் அதற்கு அந்த வியாபாரியா பதில் சொல்வார்?

தொலைபேசியில் அழைத்தேன். எடையைச் சொன்னதும், “மரம்னா மரம்தான் சார், கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்” என்றார். நாற்பத்தாறு கிராமைக் கொஞ்சம் என்று சொல்ல முடியாது. திரியைப் பற்றிக் கேட்டதும் அது இலவச இணைப்பு, அதற்குத் தான் பொறுப்பில்லை என்றார். ரசீதில் அதற்குத் தனி விலை போடப்பட்டிருக்கிறது. பழம்பொருளை வாங்கினால் திருப்பி எடுப்பதில்லை என்று கடைசியாகச் சொல்லிவிட்டு, அன்றிலிருந்து என் அழைப்பை ஏற்பதில்லை.

இந்த விமானங்களைக் கட்ட விரும்புபவர்களுக்குப் பெட்டியே தேவையில்லை என்பது என் கருத்து. பழைய வரைபடங்கள் எளிதாகக் கிடைக்கின்றன. பெரிய தாளில் அச்சிட்டு, இறக்கையின் நீளத்தை அளவுகோலால் சரிபார்த்துக்கொண்டால் போதும். பால்சாத் தகட்டை எடை சொல்லி விற்பவரிடம் வாங்குங்கள்; தகட்டைத் தராசில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் நேர்மையான வியாபாரி மறுப்பதில்லை. போட்டிக்குரிய ரப்பர் தயாரிப்புத் தொகுதியின் மாதமும் ஆண்டும் குறிக்கப்பட்டே விற்கப்படுகிறது. தேதி சொல்லாத ரப்பர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பரண், டிரங்குப் பெட்டி, பிரெஞ்சுக் குடும்பம் என்று பேச்சு போனால், அச்சிட்ட மரத்தின் மேல் ஈரத்துணியை வைத்துக் காணொளியாக எடுத்து அனுப்பும்படி கேளுங்கள். அதற்கு என்ன பதில் வருகிறது என்று பாருங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு: உரையாடல், ரசீது, பணம் போன விவரம் எதையும் அழித்துவிடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பவர் புதுச்சேரியில் இருந்தாலும் வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நான் கடலூரில் போட்டிருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். தகட்டின் எடையைக் காட்டும் படத்தையும், அறுந்த ரப்பரையும், பத்து கிராம் என்று அவர் எழுதிய பதிலையும் இணைத்திருக்கிறேன். அதே கடையில் வாங்கியவர்கள் தங்கள் பெட்டியின் படத்தையும் இறக்கையின் அளவையும் எனக்கு அனுப்பினால் ஒரே மாதிரியான ஏமாற்று என்று காட்ட உதவும்.

மரமும் ரப்பரும் சாட்சியாக அலமாரியில் இருக்கட்டும். திரியை மட்டும் படம் எடுத்துக்கொண்டு, இன்றே ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு அழித்துவிடுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீடாக இருந்தால் இதைப் படித்து முடித்த கையோடு செய்யுங்கள்.