நைட்ரேட் இல்லாத நைட்ரேட் டப்பா

வலுதூக்கும் போட்டிகளுக்குப் பயிற்சி செய்பவர்களிடம் பீட்ரூட் நைட்ரேட் பவுடர் இப்போது மும்முரமாக விற்கப்படுவதால், இணையக் கடை ஒன்றில் நான் வாங்கிய டப்பாவைப் பற்றி விவரமாக எழுதுகிறேன். ஒரு ஸ்கூப்பில் 400 மில்லிகிராம் நைட்ரேட் இருப்பதாக விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். டப்பாவின் பின்பக்கத்திலோ அந்த எண் எங்கும் இல்லை. பீட்ரூட் பொடி, சிட்ருலின், பீட்டா அலனின் (பின்னிரண்டும் அமினோ அமிலங்கள்) மூன்றையும் ‘சிறப்புக் கலவை’ என்று ஒன்றாகச் சேர்த்து, மொத்த எடையை மட்டும் அச்சிட்டிருந்தார்கள்.

நைட்ரேட்டின் மீது எனக்கு ஐயம் கிடையாது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2018-இல் வெளியிட்ட அறிக்கை, காஃபீன், கிரியேட்டின் ஆகியவற்றோடு இதையும் நல்ல ஆதாரமுள்ள மிகச் சில துணை உணவுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. நாம் உட்கொள்ளும் நைட்ரேட்டின் ஒரு பகுதி உமிழ்நீரில் திரும்பி வந்து, நாக்கின் மேல் வாழும் பாக்டீரியாக்களால் நைட்ரைட்டாக மாற்றப்பட்டு, பிறகு உடலுக்குள் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடாகிறது. இது முழுமையாக நடக்க இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். நடுத்தர எடையைக் கை ஓயும்வரை தூக்கும் பெஞ்ச் பிரஸ்ஸில் (படுத்தபடி எடையை மார்பிலிருந்து மேலே தள்ளும் பயிற்சி) ரெப், அதாவது தூக்கும் எண்ணிக்கை, கூடியதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரே ஒரு முறை தூக்கும் அதிகபட்ச எடை கூடும் என்பதற்கு அப்படி உறுதியான ஆதாரம் இல்லை. இந்த டப்பா அதிகபட்ச எடையே ஏறும் என்றது. பயிற்சிக்கு 20 நிமிடம் முன்பு குடித்தால் போதும் என்றும் எழுதியிருந்தது.

குடித்த சற்று நேரத்தில் முகமும் கழுத்தும் குறுகுறுக்கத் தொடங்கின. மருந்து வேலை செய்கிறது என்று பலர் நம்புவது இந்த இடத்தில்தான். அந்தக் குறுகுறுப்பைத் தருவது பீட்டா அலனின். அதற்கும் நைட்ரேட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

வாரக்கணக்கில் குடித்தும் ரெப்பில் மாற்றம் இல்லாததால், மீன் தொட்டித் தண்ணீரைச் சோதிக்கும் நைட்ரேட் பட்டையை வாங்கி வந்தேன். ஒரு ஸ்கூப்பைப் பத்து லிட்டர் தண்ணீரில் கரைத்தால், விளம்பரம் உண்மையானால் லிட்டருக்கு 40 மில்லிகிராம் காட்ட வேண்டும். அவ்வளவு தண்ணீரில் பொடியின் சிவப்பும் வெளிறிவிடுவதால் பட்டையின் நிறத்தைத் தெளிவாகப் பார்க்க முடியும். பட்டை வெள்ளையாகவே இருந்தது. காய்கறிக் கடை பீட்ரூட்டின் சாற்றை அதே அளவு தண்ணீரில் கலந்து நனைத்த இன்னொரு பட்டை இளஞ்சிவப்பாக மாறியது. பிறகு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்த மாதிரியிலும், விளம்பரம் சொன்ன அளவில் ஒரு சிறு துளியே இருப்பதாக அறிக்கை வந்தது.

அறிக்கையை அனுப்பியதும் விற்பனையாளர், நான் மவுத்வாஷ் பயன்படுத்துவதால்தான் பலன் கிடைக்கவில்லை என்று பதில் எழுதினார். கிருமிக்கொல்லி மவுத்வாஷ் நாக்கின் பாக்டீரியாக்களை அழித்து நைட்ரேட்டின் பலனைக் குறைப்பது உண்மைதான். ஆனால் டப்பாவில் நைட்ரேட் இல்லாததற்கு என் வாய் எப்படிக் காரணமாகும்? நான் மவுத்வாஷ் பயன்படுத்துவதும் இல்லை. சீல் உடைத்த டப்பாவைத் திருப்பி எடுப்பதில்லை என்று சொல்லி, அதைவிட விலை கூடிய இன்னொரு டப்பாவைப் பரிந்துரைத்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

எனவே, பீட்ரூட் பொடியின் எடையைப் பார்த்து ஏமாறாமல், நைட்ரேட் எத்தனை மில்லிகிராம் என்று கேளுங்கள். அந்த பேட்ச்சின் ஆய்வக அறிக்கையையும் கேளுங்கள். அளவு மறைத்த கலவையில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்து ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால், பொறுப்பு வீரர் தலையில்தான் விழும். மலிவு என்று ரசாயனக் கடையில் சோடியம் நைட்ரேட் வாங்கிக் கரைத்துக் குடிக்காதீர்கள். பெயர் மாறிச் சோடியம் நைட்ரைட் கைக்கு வந்தால் சில கிராமே உயிரைப் பறித்துவிடும். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் பீட்ரூட் சாற்றையும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் உணவுப் பாதுகாப்புத் துறையிலும் புகார் கொடுத்திருக்கிறேன். இதே போன்ற டப்பா வைத்திருப்பவர்கள் பில், பேட்ச் எண், 14 இலக்க உரிம எண் தெரியும் படம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் புகார் கொடுத்த மறுநாளே அந்த விளம்பரத்திலிருந்து 400 என்ற எண்ணை நீக்கிவிட்டார்கள்.