விமான தூரம் காட்டும் செயலி: தூரத்தை நம்பலாம், நேரத்தை நம்ப வேண்டாம்

லண்டனில் இருக்கும் மகன் வீட்டுக்குக் கடந்த மே மாதம் புறப்படுவதற்கு முன்பு, இரண்டு ஊர்களின் பெயரைக் கொடுத்தால் விமான தூரத்தையும் பயண நேரத்தையும் சொல்லும் இலவசச் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கி, போய்த் திரும்பும் வரை பயன்படுத்திப் பார்த்தேன்.

முதல் சறுக்கல் ஊர்ப் பெயரிலேயே நேர்ந்தது. சேலம் என்று தட்டியதும் அது எடுத்துக்கொண்டது, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத் தலைநகரான சேலத்தை. அங்கிருந்து லண்டன் 8,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நம் சேலத்திலிருந்து சுமார் 8,200. இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கியிருந்ததால் எனக்குச் சந்தேகமே எழவில்லை. வரைபடத்தில் கோடு கனடாவின் மேல் போவதைக் கண்ட பிறகுதான் விழித்துக்கொண்டேன். எஸ்எக்ஸ்வி என்ற குறியீட்டைத் தட்டினால்தான் நம் காமலாபுரம் விமான நிலையம் வருகிறது. மாம்பழத்துக்குப் பேர்போன ஊருக்கு இந்த நிலைமை.

தூரக் கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உலக உருண்டையின் மேல் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது படியும் வழியே மிகக் குறுகிய வழி; அதைத்தான் கணக்கிட்டு, சென்னை–லண்டன் தூரத்தை 8,230 கிலோமீட்டர் அளவில் காட்டுகிறது.

நேரக் கணக்குத்தான் சொதப்பல். அந்தத் தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் என்ற ஒரே வேகத்தால் வகுத்து, 10 மணி 17 நிமிடம் என்று போகும்போதும் வரும்போதும் அதே விடையைத் தருகிறது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்றை எதிர்த்துப் போவதால், லண்டனுக்கு எங்கள் நேரடி விமானம் 11 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ள, செயலி சொன்னது ஏறக்குறைய பலித்துவிட்டது.

இதைவிடப் பெரிய பிழை, மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதை அது கண்டுகொள்ளாதது. மே மாதத்தில் நமக்கும் லண்டனுக்கும் நாலரை மணி நேரமே வித்தியாசம். செயலியோ ஐந்தரையைக் கழித்துத் தரையிறங்கும் நேரத்தைச் சொன்னது. அதை நம்பி நான் அனுப்பிய தகவலால் மகன் ஹீத்ரோவில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் காத்து நின்றான். "உங்க கணக்குக்கு நான் பார்க்கிங் கட்டியிருக்கேன்ப்பா" என்பதுதான் அவன் வரவேற்பு.

சேலத்தில் வீட்டைப் பூட்டியதிலிருந்து அவன் வீட்டுக் கதவு திறக்கும் வரை, சென்னைக்குப் போன இரவு ரயிலையும் விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்ததையும் சேர்த்து, 26 மணி நேரம் ஆயிற்று. ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண் கொடுக்கிறேன். அந்த இரண்டரையும் தூரத்துக்கு மட்டும்.