சின்சினாட்டியா, பாஸ்டனா?

அமெரிக்க பேஸ்பாலின் தொடக்க காலத்தில் சிறந்த அணி எது, சின்சினாட்டியா, பாஸ்டனா என்பதுதான் கேள்வி. எல்லா ஆட்டக்காரர்களுக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்துக் களமிறங்கிய முதல் பேஸ்பால் அணி, 1869-இன் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ். தலைவர் ஹாரி ரைட், கிரிக்கெட்டிலிருந்து வந்தவர். தம்பி ஜார்ஜுக்குத்தான் அதிகச் சம்பளம்: 1,400 டாலர். அந்த ஆண்டு தோல்வியே கிடையாது. 1870 ஜூன் 14 அன்று புரூக்ளின் அட்லாண்டிக்ஸ் அணி, ஆட்டத்தை வழக்கமான 9 இன்னிங்ஸைத் தாண்டி 11 வரை இழுத்து, 8-7 என்று மண்ணைக் கவ்வ வைத்தது. அப்புறம் கூட்டம் குறைந்தது, சம்பள அணியும் கலைந்தது.

ஹாரி, தம்பியோடு அணியின் பெயரையும் சேர்த்து பாஸ்டனுக்குக் கொண்டுபோனார். 1871-இல் தொழில்முறை லீக் பட்டம் நழுவியது. 1872 முதல் 1875 வரை நான்கும் பாஸ்டனுக்கே. சின்சினாட்டிக்குப் புகழ் அதிகம்தான், ஆனால் அப்போது தொழில்முறை லீக்கே இல்லையே! என் ஓட்டு பாஸ்டனுக்கு. அந்த அணிதான் இன்றைய அட்லாண்டா பிரேவ்ஸ். இன்றைய சின்சினாட்டி ரெட்ஸோ பின்னாளில் தனியாகத் தொடங்கப்பட்டது.