கல்முனை பஸ்ஸில படிச்ச 450 ரூபா புத்தகமும் அத வித்த கடையும்

மட்டக்களப்பு டவுன்ல ஒரு பழைய புத்தகக் கடை, பேர் சொல்லல்ல, ஏனெண்டு கீழ விளங்கும். போன மாசம் அங்க ஒரு இங்கிலீஷ் நாவல் எடுத்தன், அட்டையில யூனிபோர்ம் போட்ட ரெண்டு பொம்பிளைகள் தோளோட தோள் நிக்கிறாங்க. கடை ஐயா ஒண்டும் கேக்கல்ல, பழைய பேப்பர் எடுத்து ஸ்கூல் கொப்பிக்குப் போடுற மாதிரி உறை போட்டு, "பஸ்ஸில தானே புள்ள படிப்பீங்க" எண்டு தந்தார். அந்த உறைக்கே ஒரு ஸ்டார் குடுக்கலாம், காத்தான்குடி வரமுன்னமே பக்கத்து சீட் அக்கா எட்டிப் பாக்கத் தொடங்கிட்டா.

கதை 90கள்ல அமெரிக்க ஆமியில. ஒருத்தி நேர்ஸ், மத்தவ லொறி மெக்கானிக், ரெண்டு பேருக்கும் காதல். ஆமியில இருக்கிற ஒருபால் விருப்பம் உள்ள ஆக்களுக்கு 1993இல வந்த சட்டம், நாங்க கேக்க மாட்டம் நீயும் சொல்லாத எண்ட கணக்கு, வாய் தவறினா வேலை போச்சு, 2011 செப்டம்பர்ல அது முடியிறதுக்குள்ள 13,000க்கு மேல ஆக்கள வெளிய போட்டிருக்காங்க. அதுக்கு முதலும் சுகமில்ல, வியட்நாம்ல நேர்ஸா இருந்த கேர்ணல் மார்கரெத் கமர்மயர 1992இல இதே காரணத்துக்காக வேலையால அனுப்பி, 1994இல கோர்ட் சொல்லித்தான் திருப்பி எடுத்தாங்க.

மெக்கானிக் வீட்டுக்கு கோல் எடுக்கக்குள்ள நேர்ஸ "அவன்" எண்டே சொல்லிப் பழகிறா. ஒரு நாள் "அவ" எண்டு வந்திடுது. அங்கால அம்மா பேசல்ல, கேத்தல் கொதிக்கிற சத்தம் மட்டும். களுவாஞ்சிக்குடி வரைக்கும் நான் அந்தப் பக்கத்தத் திருப்பல்ல. நம்மட தமிழ்ல எண்டா "எனக்கொரு ஆள் இருக்கு" எண்டா காணும், ஆணா பொண்ணா எண்டு ஒருத்தருக்கும் விளங்காது. ஆனா இஞ்சயும் ஒரே பால் உறவக் குற்றமாக்கிற தண்டனைச் சட்டம் 365ஏ இருக்கே, 1995இல திருத்தக்குள்ள பொம்பிளைகளையும் சேத்து விட்டாங்க.

யுத்த காலத்தில சென்றியில ஹேண்ட்பேக்க கிண்டின ஆமிப் பொண்ணுகள் ஞாபகம் வந்தாங்க. அவங்கட பேக்குக்குள்ள என்ன இருந்திருக்கும் எண்டு அண்டைக்கு நான் யோசிச்சதே இல்ல, பயம்தான்.

இனி முறைப்பாடு. ரெண்டு பேரும் லீவுல முதல்முதலா தனிய ஒரு ரூம் எடுக்கிறாங்க, பக்கம் 212, அடுத்த பக்கம் 217! ரெண்டு தாள் இல்ல. கிழிஞ்சதில்ல, பிளேட்டால நேரா வெட்டினது. கொண்டு போய்க் காட்டினா ஐயா கண்ணாடிய மாத்திப் போட்டுப் பாத்திட்டு "வந்ததே இப்பிடித்தான்" எண்டு 50 ரூபா திருப்பித் தந்தார். வெட்டினவருக்குக் கோவமா, இல்ல பத்திரமா வைக்க எடுத்தாரா எண்டு பஸ்ஸில வாறநேரமெல்லாம் அதே யோசினை.

புத்தகத்துக்கு 4, கடைக்கு 3. காசு குடுக்க முன்னம் பக்கத்த எண்ணிப் பாருங்க.