உயிர் காலேஜில் ஒரு முழு நாள்: வண்டலூர் உயிரியல் பூங்கா பற்றிக் காரைக்குடியிலிருந்து ஒரு மதிப்புரை

என் அப்பத்தா தாம் பட்டணத்தில் பார்த்தவற்றைச் சொல்லும்போதெல்லாம் "செத்த காலேஜ்", "உயிர் காலேஜ்" என்ற இரண்டு பெயர்கள் தவறாமல் வரும். எழும்பூர் அருங்காட்சியகம் செத்த காலேஜ். மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அப்பத்தாவைப் போன்றவர்களின் வாயில் அந்த இடங்களுக்குக் கல்லூரி என்ற பெயர் நிலைத்திருந்தது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. உயிர் காலேஜின் இன்றைய வடிவமான வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு, எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவர்களை இரண்டு முறை அழைத்துச் சென்ற அறிவியல் ஆசிரியர் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதல் பயணம் வீணானது. ஏற்பாடு செய்து தந்த சுற்றுலா நிறுவனத்தார், கடற்கரை, வணிக வளாகம் ஆகியவற்றுக்கு நடுவே பூங்காவுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். நண்பகல் வெயிலில் உள்ளே நுழைந்து, நிழலில் உறங்கும் விலங்குகளைத் தேடித் தேடி ஓடி, ஒன்றையும் நின்று பார்க்காமல் பிள்ளைகள் களைத்துத் திரும்பினார்கள். மறு ஆண்டு வேறு எந்த இடத்தையும் சேர்க்காமல் பூங்காவுக்கென்றே ஒரு நாளை வைத்துக்கொண்டோம். இனிச் சொல்வதெல்லாம் அந்த இரண்டாம் பயணத்தைப் பற்றியது.

பூங்காவின் வரலாற்றை ஊரிலிருந்து புறப்படும் முன்பே வகுப்பில் சொல்லிவிட்டேன். சென்னை அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பட்டபோது அதன் பொறுப்பில் இருந்தவர் எட்வர்டு பால்ஃபர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். அங்கே உயிருள்ள விலங்குகளை வைத்தபோது மக்கள் கூட்டம் பெருகியதைக் கவனித்த அவர், ஆற்காட்டு நவாப்பிடமிருந்த விலங்குகளைக் கேட்டுப் பெற்று, 1855-இல் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு விலங்குக் காட்சிசாலையைத் தொடங்கினார். இந்தியாவில் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்ட முதல் விலங்குக் காட்சிசாலைகளுள் ஒன்று அது. 1863-இல் அது நகராட்சியின் பொறுப்புக்கு மாறி, சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய மக்கள் பூங்காவுக்கு இடம்பெயர்ந்தது. நகரம் வளர வளர, நெரிசலும் இரைச்சலும் மிகுந்த அந்த இடம் விலங்குகளுக்கு ஒவ்வாததாயிற்று. வண்டலூர்க் காப்புக்காட்டில் 1979-இல் பணிகள் தொடங்கின. 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். புதிய பூங்காவைத் திறந்துவைத்தார். செத்தவற்றின் பக்கத்தில் உயிருள்ளவற்றை வைத்துப் பாடம் சொல்லத் தொடங்கிய ஓர் இடம், படிப்படியாகக் கூண்டைவிட்டுக் காட்டுக்கு நகர்ந்ததுதான் இந்த 130 ஆண்டுக் கதை என்று மாணவர்களிடம் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு வந்ததால், அங்கே கம்பிகளுக்குப் பதிலாக அகழிகள் ஏன் இருக்கின்றன என்று ஒருவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்த அகழி அமைப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விலங்கு தாண்ட முடியாத அகலமும் ஆழமும் கொண்ட பள்ளத்தை நடுவில் வைத்து, அப்பாலுள்ள திறந்த வெளியில் மரம், புதர், நீர்நிலை ஆகியவற்றுடன் அது உலவும்படி விடுகிறார்கள். ஏறத்தாழ 600 ஹெக்டேர் பரப்புள்ள பூங்காவாதலால் இதற்கு இடம் இருக்கிறது. கூண்டுக் கம்பிக்குள் புலியைப் பார்க்கும் பிள்ளை அதன் பல்லையும் நகத்தையும் பார்க்கிறது; புல்வெளியில் பார்க்கும் பிள்ளையோ அதன் கோடுகள் புல்லின் நிழலோடு கலந்து மறைவதையும் பார்க்கிறது. வெள்ளைப் புலியின் முன்னே எப்போதும் பெருங்கூட்டம். அது தனி இனம் என்றே எங்கள் மாணவர்களும் நினைத்திருந்தார்கள். நிறமியைக் குறைக்கும் மரபணு மாற்றத்தால் வெளுத்த வங்கப் புலிதான் அது என்பதையும், 1951-இல் மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே புலியின் வழியில் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்ததால் அந்த வழியில் பிறவிக் குறைகள் வந்தன என்பதையும் அங்கே நின்று விளக்கியபோது, மரபியல் பாடத்தில் ஒரு வாரம் நடத்த வேண்டியதைக் கால் மணி நேரத்தில் புரிந்துகொண்டார்கள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நெடுநேரம் நகர மறுத்த இடம் காட்டுமாட்டின் அடைப்பு. சிராவயல் மஞ்சுவிரட்டுக் காளைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதால் அவர்கள் பார்வை நேரே திமிலுக்குத்தான் சென்றது. "சார், இதுக்குத் திமில் நம்ம காளை மாதிரி இல்லையே, முதுகுல பாதி தூரம் ஓடுதே" என்றான் ஒருவன். மிகச் சரியான கவனிப்பு அது. நாட்டுக் காளையின் திமில் தசையாலும் கொழுப்பாலும் ஆனது. காட்டுமாட்டின் முதுகுமேடோ முள்ளெலும்புகளின் நீண்ட முனைகள் தாங்கி நிற்பது. காட்டெருமை என்று பலரும் அழைத்தாலும் அது எருமையைவிட மாட்டுக்கே நெருங்கிய உறவு என்பதையும், முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை அணிந்ததுபோன்ற நிறம் அதன் அடையாளம் என்பதையும் அவர்களே குறிப்பேட்டில் வரைந்துகொண்டார்கள்.

சிங்கவால் குரங்குகளின் முன்னே 40 நிமிடங்கள் உட்காரவைத்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குரங்கும் என்ன செய்கிறது என்று எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. முதல் பத்து நிமிடம் சலிப்பு; பிறகு ஒருவரும் பேசவில்லை. முகத்தைச் சுற்றியுள்ள வெண்சாம்பல் பிடரிமயிரால் இந்தப் பெயர் வந்தது என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். வாலின் நுனியில் உள்ள குஞ்சத்தைக் காட்டியதும் அடித்துத் திருத்தினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இந்தக் குரங்கு, காடுகளில் சில ஆயிரம் மட்டுமே எஞ்சியுள்ளது. இத்தகைய உயிரினங்களைக் காப்பிடத்தில் இனப்பெருக்கம் செய்யவைப்பதும் பூங்காவின் பணிகளுள் ஒன்று. 1992-இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அமைக்கப்பட்ட பின் இந்தியப் பூங்காக்கள் வேடிக்கை காட்டும் வேலையிலிருந்து இந்தப் பக்கம் திரும்பியதை நான் மனமார வரவேற்கிறேன். அடைத்து வைத்திருப்பது சரியா என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கும் உண்டு என்றுதான் அவளிடம் சொன்னேன்.

பூங்காவுக்குள்ளேயே ஓட்டேரி ஏரி இருக்கிறது. அங்கு வரும் பறவைகளை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை. கொக்குகளையும் நீர்க்காகங்களையும் பார்த்ததும் எங்கள் பிள்ளைகளுக்குத் எங்கள் சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் அருகிலுள்ள வேட்டங்குடிச் சரணாலயத்தின் நினைவு வந்தது. அங்கே நத்தைகுத்தி நாரைகள் அஞ்சக்கூடாதென்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்களைப் பற்றி, பக்கத்தில் நின்ற சென்னைப் பள்ளி மாணவர்களுக்கு அவர்கள் பெருமையோடு எடுத்துச் சொன்னார்கள்.

போக விரும்பும் நம் பக்கத்துப் பள்ளிகளுக்குச் சில செய்திகள். காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 400 கி.மீ. தூரம். தென்மாவட்டப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்திலேயே நின்றுவிடுவதால், இரவில் ஏறினால் விடியற்காலையில் பூங்காவுக்கு மிக அருகில் இறங்கிவிடலாம். ரயிலில் வருபவர்கள் தாம்பரத்தில் இறங்க வேண்டும். திறக்கும் நேரத்துக்கே வாயிலில் இருங்கள், ஏனெனில் விலங்குகள் சுறுசுறுப்பாக இருப்பது காலையில்தான். நடை மிகுதி என்பதால் நல்ல செருப்பும் தண்ணீரும் தேவை. எல்லாவற்றையும் பார்த்துவிட முயலாமல் நான்கைந்து அடைப்புகளை முன்பே தேர்ந்துகொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை, எங்களைப் போல டிசம்பரில் சென்றால் வெயிலும் தாழ்ந்திருக்கும், ஏரியிலும் பறவைகள் இருக்கும்.