பி.ஒய்.டி. சீல்: முன் சீட்டுக்கு ஒரு கார், பின் சீட்டுக்கு வேறொரு கார்

சீன நிறுவனமான பி.ஒய்.டி.யின் மின்சாரக் காரான சீல் 2024 மார்ச்சில் இந்தியாவுக்கு மூன்று ரகங்களில் வந்தது. எல்லோரும் பேசியது 530 குதிரைத்திறன் உள்ள பெர்ஃபார்மென்ஸ் ரகத்தைப் பற்றித்தான். நான்கு சக்கரமும் இழுக்கும், 3.8 விநாடியில் 100 கிலோமீட்டர் வேகம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? நான் எடுத்தது நடு ரகமான பிரீமியம். பின்சக்கர இயக்கம், 313 குதிரைத்திறன், 100ஐத் தொட 5.9 விநாடி. அப்போதைய ஷோரூம் விலை 45.55 லட்சம். 25 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சாரக் கார்களுக்கு அதே ஆண்டு கர்நாடகா கொண்டுவந்த 10 சதவீத ஆயுள் வரி தனி. பெங்களூருக்கு இந்த 313ஏ அதிகம் என்பது அன்றும் இன்றும் என் கருத்து. அவுட்டர் ரிங் ரோட்டில் 5.9 விநாடிக்குக் காலி ரோடு எங்கே கிடைக்கிறது?

ஆனால் ஓட்டும் சுகமே தனி. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் முன்னால் போகும் பஸ்ஸைத் தாண்ட வேண்டுமென்றால் காலை லேசாக அழுத்தினால் போதும். கியர் மாறும் தயக்கம் இல்லை, சத்தம் இல்லை, தாண்டிவிட்டிருப்பீர்கள். ஸ்டீயரிங் கொஞ்சம் லேசு. ஸ்போர்ட் மோடில் போட்டாலும் ரோட்டின் நிலவரம் கைக்கு முழுதாக வந்து சேர்வதில்லை. வளைவுகளில் மட்டும் வண்டி அலட்டிக்கொள்ளாமல் திரும்புகிறது. இதில் பேட்டரியின் மேல்மூடியே காரின் தரையாகவும் அமைந்திருக்கிறது. கனமெல்லாம் அடியில் இருப்பதாலும் உடம்பு இறுக்கமாக இருப்பதாலும் வரும் நிதானம் அது.

தோற்றத்துக்குப் பொறுப்பு, முன்பு ஆல்ஃபா ரோமியோவிலும் ஆடியிலும் இருந்த வோல்ஃப்காங் எக்கர். காற்றுத் தடை எண் 0.219, குறைய குறைய நல்லது. கதவோடு கதவாகப் பதிந்த கைப்பிடி, சரிந்து இறங்கும் கூரை, எல்லாம் அழகுதான். சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் விலை கேட்காத நாள் குறைவு.

அந்த அழகுக்கான விலையைக் கொடுப்பவர் பின்னால் உட்காருபவர். அடியில் பேட்டரி இருப்பதால் தரை உயர்ந்துவிடுகிறது. காரின் மொத்த உயரமோ 1460 மில்லிமீட்டர்தான். அதனால் சீட்டைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். கால் நீட்ட இடம் தாராளம், ஆனால் முழங்கால் மேலே தூக்கி நிற்கும், தொடைக்குத் தாங்கல் கிடைக்காது. "என்னடா, குழிக்குள்ள இறங்கி உக்காந்த மாதிரி இருக்கு" என்றார் அம்மா. இப்போதெல்லாம் அவர் முன் சீட்டை விடுவதில்லை. காற்று வரும் சீட் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. பின்னால் போவது என் மனைவியும் பையனும். பையனுக்குக் குறையே இல்லை, மேலே முழுக்கக் கண்ணாடிக் கூரை. எங்கள் ஊரான சேலத்தின் மே மாத வெயிலுக்கு அந்தக் கூரைக்கு வலைத்திரை ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன்.

அடுத்தது ஸ்பீட் பிரேக்கர். வண்டிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 145 மில்லிமீட்டர், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2920 மில்லிமீட்டர். இந்திய சாலை காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அப்படிக் கட்டியிருந்தால் இந்தக் கார் சிரமமில்லாமல் ஏறி இறங்கும். நம் ஏரியாக்களில் லேஅவுட்காரர்களே ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டுவைக்கும் மேடுகள் எந்த விதியில் வருகின்றன என்று தெரியவில்லை. தனியாகப் போனால் பிரச்சினை இல்லை. நாலு பேர் ஏறிவிட்டால் வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்ற வேண்டும். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடித்துக்கொண்டே இருக்கட்டும். 19 அங்குலச் சக்கரமும் ஒல்லியான டயர் பக்கமும் சேர்ந்து குழிகளையும் உள்ளே சொல்லிவிடும். அதையும் அதிகம் வாங்குவது பின் சீட்டுதான்.

ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்பவர்களுக்கு: காகிதத்தில் 650 கிலோமீட்டர். அது என்.இ.டி.சி. என்ற பழைய ஐரோப்பியச் சோதனையின் கணக்கு. அதன் சராசரி வேகமே மணிக்கு 34 கிலோமீட்டர்தான். எனக்கு நெடுஞ்சாலையில் 480 அளவில் கிடைக்கிறது. இன்னொரு விஷயம், திசை. பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300க்கும் கீழே. போகும்போது நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட் ஆவது, திரும்பும்போது 19ஐத் தொடுகிறது. ஆளும் சாமானும் சேர்த்து 2.3 டன் எடையை 600 மீட்டர் மேலே ஏற்ற மட்டுமே ஏறக்குறைய 4 யூனிட் வேண்டும், எந்தக் காராக இருந்தாலும். லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதுவதற்குப் பேர்போன தொப்பூர் கணவாயில், காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைப் பிடித்துக்கொண்டு பேட்டரிக்கும் கொஞ்சம் திருப்பித் தருகிறது. பிரேக்கைத் தொடும் வேலை பெரும்பாலும் முன்னால் போகும் லாரியால்தான் வரும். இப்படி, வழியில் சார்ஜ் போடாமலே சேலம் போய் வந்துவிடலாம். நான் அப்படிச் செய்வதில்லை, ஊரிலேயே கொஞ்சம் ஏற்றிக்கொள்வேன். நெடுஞ்சாலை சார்ஜர்களை நம்பிப் போய், திரை இருண்டு கிடந்த ஒன்றின் முன்னால் நின்ற அனுபவம் உண்டு.

வீட்டில் 7 கிலோவாட் சார்ஜர். 82.56 யூனிட் பேட்டரியைக் காலியிலிருந்து நிரப்ப 12 மணி நேரம் ஆகும், ஆனால் யாரும் காலியாக்கிக் கொண்டுவருவதில்லை. இது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி. மின்னழுத்தம் நெடுநேரம் ஒரே மாதிரி இருப்பதால் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று காட்டும் மீட்டர் தடுமாறும். அவ்வப்போது 100 சதவீதம் வரை ஏற்றினால் கணக்குச் சரியாகிவிடும். அப்புறம், காரிலிருந்தே வீட்டுச் சாமான்களுக்குக் கரண்ட் எடுக்கலாம். ஊரில் கரண்ட் போன ஒரு காலையில் சட்னி அரைத்தது இந்தக் கார்தான்.

டெஸ்ட் டிரைவ் போகிறவர்கள் ஸ்டீயரிங்கை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு அரை மணி நேரம் பின் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். வழியையும் நீங்களே சொல்லுங்கள். ஷோரூம்காரர்கள் கூட்டிப்போகும் ரோட்டில் மேடும் இருக்காது, குழியும் இருக்காது.